மெஜஸ்டிக் அரங்கின் அந்த 27 இசைக்கலைஞர்களைப் பற்றியும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நியூயார்க்கில் 'தி ஃபேண்டம் ஆஃப் தி ஓப்பரா' என்ற இசை நாடகம் 2023 ஏப்ரல் 16-ஆம் தேதியோடு நிற்கப்போகிறது என்று போன இதழில் செய்தி போட்டிருந்தீர்கள். 1988 ஜனவரி 26-ல் தொடங்கியது, 35 வருடம் மெஜஸ்டிக் என்ற ஒரே அரங்கில் ஓடியது, கடைசி நாளோடு 13,981 காட்சி ஆகும், எல்லாம் சரியாகவே இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு வெளியூர்க் கூட்டம் பழையபடி திரும்பவில்லை, வாரச் செலவு ஏறக்குறைய ஒன்பதரை லட்சம் டாலர் ஆகிவிட்டது, கட்டுப்படியாகவில்லை என்ற விவரமும் இருந்தது. ஆனால் படித்து முடித்தபோது முக்கியமான ஒன்று விட்டுப்போன மாதிரி இருந்தது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் நியூ ஜெர்சியில் உள்ள எடிசனுக்கு 1998-ல் குடிவந்தோம். அன்றிலிருந்து ஊரிலிருந்து யார் வந்தாலும் சுதந்திர தேவி சிலை, நயாகரா, அப்புறம் இந்த நாடகம். மாமனார், மாமியார், அண்ணன் குடும்பம், நாத்தனார் பிள்ளைகள் என்று ஒவ்வொருவரையும் ரயிலேற்றி நியூயார்க்கின் பென் ஸ்டேஷனில் இறக்கி, டைம்ஸ் சதுக்கத்தில் தள்ளுபடி டிக்கெட் வரிசையில் நின்று, 44-ஆவது தெருவுக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். நான் மட்டும் பதினோரு தடவை பார்த்தாயிற்று. எப்போது யார் வந்தாலும் அது அங்கே இருந்தது, அதே அரங்கில், அதே சிவப்புத் திரையோடு. ஒரு நாடகம் இத்தனை வருடம் ஓடினால் நமக்குக் கிடைக்கிற பெரிய வசதி இதுதான், நமக்குப் பிடித்ததை நம் மனிதர்களுக்கு ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டே இருக்கலாம்.

2004 கோடையில் அம்மா வந்தார்கள். அந்த வருடம் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்' நாடகம் அங்கேயே ஒன்பது தெரு தள்ளி நடந்துகொண்டிருந்தது. லண்டனில் அதைத் தயாரித்ததும் ஃபேண்டத்துக்கு இசையமைத்த ஆண்ட்ரூ லாயிட் வெப்பர்தான். நியூயார்க்கில் அது ஒரு வருடம்கூட நிற்கவில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. ரஹ்மானையே பார்க்கலாமே என்றுதான் அம்மாவிடம் சொன்னேன். "நீ சொல்லிக்கிட்டே இருப்பியே, அந்த முகமூடிக்காரன் நாடகம், அதுக்கே போவோம்" என்றார்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து காதில் கதை சொல்லலாம் என்று நினைத்திருந்தேன், தேவைப்படவே இல்லை. முதல் காட்சியில் தூசித் துணி போர்த்திக் கிடக்கிற சரவிளக்கு, ஆர்கன் முழங்கியதும் ஒளியடித்து மேடையிலிருந்து கிளம்பி நம் தலைக்கு மேலே ஏறும் பாருங்கள், அப்போதே என் மணிக்கட்டைப் பிடித்தவர்கள் இடைவேளை வரை விடவில்லை. ஏரிக் காட்சியில் புகைக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கில் மெழுகுவர்த்திகள் தரையைப் பிளந்துகொண்டு எழும்ப, நடுவே படகு தானாக நகர்ந்து வரும். "ஆர்.எஸ். மனோகர் இதைப் பாத்திருக்கணும்டி" என்றார்கள். திருச்சிப் பொருட்காட்சியில் மனோகரின் 'இலங்கேஸ்வரன்' நாடகம் பார்த்ததை, அந்தத் தந்திரக் காட்சிகளை, திரும்பி வரும்போது ரயிலில் எடிசன் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்கள். நாடகத்தின் கடைசியில் அந்த முகமூடிக்காரன் நாற்காலியில் அமர்ந்து போர்வையால் மூடிக்கொள்வான், ஒரு சின்னப் பெண் வந்து போர்வையை இழுத்தால் முகமூடி மட்டும் கிடக்கும். "அந்த மனுஷன் எங்கடி போயிருப்பான்?" என்று ஊருக்குப் போன பிறகும் போனில் கேட்டார்கள். எப்படி மறைந்தான் என்று கேட்கவில்லை, எங்கே போயிருப்பான் என்றுதான் கேட்டார்கள்.

சரி, விட்டுப்போனது என்று சொன்னேனே, அது இசைக்குழு. மேடைக்கு முன்னால் பள்ளத்தில் 27 பேர் உட்கார்ந்து வாசித்தார்கள். நியூயார்க்கின் நாடக அரங்கு வட்டாரமான பிராட்வேயில் நெடுநாளாக ஓடுகிற வேறு எந்த நாடகத்துக்கும் இவ்வளவு பெரிய குழு கிடையாது. சில கருவிகளின் வேலையை ஒரு கீபோர்டே பார்த்துக்கொள்கிற காலம் இது. லண்டனில் 2021-ல் இதே நாடகத்தைத் திரும்பத் தொடங்கியபோது குழுவைக் குறைத்துவிட்டார்கள், நியூயார்க்கில் கடைசிவரை குறைக்கவில்லை. 1988-ல் முதல் நாள் வாசித்தவர்களில் சிலர் இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். வாரத்துக்கு எட்டுக் காட்சி, அதே பாட்டு, அதே இடத்தில் அதே வயலின் இழுப்பு, நடுவில் கொரோனா 19 மாதம் அரங்கை மூடிய பிறகும் திரும்பி வந்து வாசித்தார்கள். நேற்று முதல்முறையாக வந்த யாரோ ஒருவருடைய அம்மாவுக்கு அது புதுப் பாட்டாகவே கேட்டிருக்கும்.

முதலில் பிப்ரவரி 18-ஓடு முடிவதாக இருந்தது. அறிவிப்பு வந்ததும் டிக்கெட் பறந்து, எட்டு வாரம் நீட்டித்தார்கள். அந்த நீட்டிப்பில்தான் மார்ச்சில் ஒரு மதியக் காட்சிக்கு மகளோடு போக முடிந்தது. அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அன்று உட்கார்ந்ததுபோலவே மேல்தளத்தில் பின் வரிசையில் உட்கார்ந்தோம். படகு வந்தபோது மகள் என் கையைப் பிடித்தாள், அவளுக்கு இருபத்துநான்கு வயது, இருந்தாலும் பிடித்தாள். கைதட்டல் முடிந்து பாதிக் கூட்டம் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே நகர்கிறது, குழு இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் கீழே இறங்கி முன்வரிசைப் பக்கம் போய் நின்றோம். கடைசிச் சுரம் முடிந்ததும் அங்கே நின்ற இருபது முப்பது பேர் பள்ளத்தைப் பார்த்துக் கைதட்டினோம். ஹார்ப்புக்கு உறை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்து, வில்லையும் வயலினையும் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தவரின் தோளைத் தட்டி எங்களைக் காட்டினார். இருவரும் தலையசைத்தார்கள். மாலைக் காட்சிக்கு இன்னும் மூன்று மணி நேரம்கூட இல்லை.

நடிகர்கள், இசைக்குழுவினர், மேடைப் பணியாளர்கள் என்று ஏறக்குறைய 125 பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள். உங்கள் செய்தியில் முகமூடிப் படமும் சரவிளக்குப் படமும் இருந்தன. 16-ஆம் தேதிக்குப் பிறகு இதைப் பற்றி மறுபடி எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது பள்ளத்தில் இருக்கிற அந்த 27 பேரின் படம் ஒன்று போடுங்கள். சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, நான் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
எடிசன், நியூ ஜெர்சி