வெள்ளியங்கிரியில் விறைத்தவரைத் தேய்க்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிப்ரவரி பிறந்தால் வெள்ளியங்கிரி ஏறக் கூட்டம் வந்துவிடும். மாரடைப்பு, மூச்சுத்திணறல் பற்றியெல்லாம் எச்சரிக்கிறோம், சரி, குளிரைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஒரு வேட்டி, ஒரு துண்டோடு ராத்திரியில் கிளம்புகிறவர் வேர்த்து விறுவிறுத்து ஆறு மலை ஏறி, ஆண்டி சுனையில் முங்கிவிட்டு, அந்த ஈர வேட்டியோடே ஏழாவது மலைக் காற்றில் விடியும்வரை உட்கார்ந்துவிடுகிறார். பனி பெய்யத் தேவையே இல்லை. ஈரமும் காற்றும் களைப்பும் சேர்ந்தாலே போதும், 37 டிகிரியில் இருக்கவேண்டிய உள்சூடு 35க்குக் கீழே போய்விடும்.

பல் கிட்டும், பொத்தான் போட விரல் வராது, பேச்சு குழறும், "எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க போங்க" என்று எரிந்து விழுவார். அப்புறம் நடுக்கம் தானாக நின்றுபோனால் தேறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள், நடுங்கவும் உடம்பில் தெம்பில்லை என்று அர்த்தம்.

உடனே நாலு பேர் சூழ்ந்துகொண்டு கை கால் தேய்ப்பார்கள், காலை நெருப்புப் பக்கம் நீட்டவைப்பார்கள், யாராவது ஒருவர் பிராந்தியை எடுப்பார். தயவுசெய்து எதுவும் வேண்டாம். பிராந்தி தோலுக்கு ரத்தத்தை இழுத்துவிடுவதால் சூடேறுவதுபோல் இருக்கும், ஆனால் மிச்சமிருக்கும் சூடும் அந்த வழியாகவே போய்விடும். மரத்துப்போன தோலுக்கு நெருப்பு சுடுவது தெரியாது, வெந்துவிடும். ரொம்பவும் குளிர்ந்த இதயம் ஆளை முரட்டுத்தனமாகப் புரட்டினாலே துடிப்பு தப்பி நின்றுவிடலாம்.

காற்றுப் படாத பாறை மறைவுக்குக் கொண்டுபோய், கூச்சம் பார்க்காமல் ஈரத்துணியைக் கழற்றி, யாரிடம் காய்ந்த துணி இருக்கிறதோ வாங்கிப் போட்டுவிடுங்கள். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் அடியில் வெறும் பாறை இருந்தால் சூடு அதன் வழியே போய்க்கொண்டே இருக்கும், அதனால் பை, சாக்கு, காய்ந்த சருகு, எது கிடைத்தாலும் கீழே பரப்புங்கள். தலையையும் மூடுங்கள். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அக்குளிலும் நெஞ்சிலும் வைக்கலாம். நல்ல நினைவோடு இருந்து தானே விழுங்க முடிந்தால் சர்க்கரை தூக்கலாகச் சுக்குக் காபி கொடுங்கள், மயக்கமாக இருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது. அப்படிப்பட்டவரை நடக்கவும் விடாதீர்கள், மட்டமாகப் படுக்கவைத்து 108க்குச் சொல்லிவிட்டு, குலுக்காமல் டோலியில்தான் இறக்கவேண்டும்.

மூச்சு இல்லாததுபோல் தெரிந்தாலும் ஒரு நிமிடம்வரை உற்றுப் பாருங்கள், குளிரில் அது அவ்வளவு மெல்லியதாக இருக்கும். நிஜமாகவே மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், சீக்கிரம் கைவிடாதீர்கள். 1999இல் நார்வேயில் பனிக்கட்டிக்கு அடியில் ஓடையில் சிக்கிய அன்னா போகன்ஹோல்ம் என்ற பெண் மருத்துவரின் உடல் சூடு 13.7 டிகிரிவரை இறங்கியும் அவர் பிழைத்தார்.

ஈரத்துணியை மாற்றாமல் ஏழாவது மலைக்குப் போகாதீர்கள் என்று ஆண்டி சுனையிலும், மேலே சொன்ன முதலுதவியைப் பூண்டி அடிவாரத்திலும் பெரிய எழுத்தில் பலகையாக வைக்க வனத்துறையும் கோயில் நிர்வாகமும் அடுத்த சீசனுக்குள் ஏற்பாடு செய்யவேண்டும்.

ஒரு வாசகர்,
கோவை