பழைய லாரி வாங்கப்போகும் நண்பனுக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் முழங்கால் இல்லை, அது இப்போது பரவாயில்லை. நீ அனுப்பிய லாரிப் படங்கள்தான் காரணம். இரண்டு நாளாக அவற்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மறுபடியும் ஆரம்பிச்சாச்சா" என்று வீட்டில் தலையில் அடித்துக்கொண்டார்கள். மகள் வேலை மாறிவிட்டாள், பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உள்ளே வீடு அமைத்துக்கொண்டு ஊர்சுற்ற வேனா லாரியா என்று கேட்டிருக்கிறாய். லாரிதான் என்று முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறாய், எழுத்திலேயே தெரிகிறது. நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்கு. பெரிய வேனில் மேல்கூடும் அடிச்சட்டமும் ஒரே உடம்பு. உள்ளே மரவேலை, மின்வேலை முடித்தால் குடிபோய்விடலாம். லாரியின் அடிச்சட்டம், அதாவது சேசிஸ், அப்படியில்லை. அது ஒரு ஏணி: நீளவாக்கில் இரண்டு சட்டம், குறுக்கே சில சட்டம். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி, எதிர்மூலைச் சக்கரமும் இறங்கினால் ஏணி முறுக்கிக்கொள்ளும். முறுக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். அதன்மேல் நாம் குடியிருக்க ஏற்றும் பெட்டியோ முறுக்கவே முறுக்காது.

இது புரியாமல் என் முதல் பெட்டியை எட்டு போல்ட் போட்டு நேராகச் சேசிஸில் இறுக்கினேன். இம்மிகூட அசையாது என்று பெருமை வேறு. மூன்றாவது மாதம், ஒரு நாள் முழுக்கக் குண்டும் குழியுமான பாதையில் ஓட்டிவிட்டு வந்து படுத்தேன். காலையில் கதவு திறக்கவில்லை. தோளால் இடித்துத் திறந்து பார்த்தால், கதவின் மேல்மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். தலைமுடி கனம்தான். நகத்தை வைத்து இழுத்தால் சிக்கியது. பசை வைத்து அடைத்தேன். இரண்டு வாரத்தில் அதன் பக்கத்திலேயே இன்னொன்று விட்டது. அடுத்த மழைக்குச் சுவருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது.

அப்புறம்தான் பெட்டியைக் கழற்றி இறக்கி, அதற்கும் சேசிஸுக்கும் நடுவில் தனிச் சட்டம் ஒன்று செய்தேன். பின்பக்கம் இறுக்கமான போல்ட். முன்பக்கம் ஸ்பிரிங் மாட்டிய போல்ட். முன்சக்கரம் ஒன்றைக் கட்டைமேல் ஏற்றிவிட்டு, கீழே குனிந்து பார்த்தேன். ஒரு பக்கம் ஸ்பிரிங் அமுங்கியது, மேல்சட்டம் சேசிஸைவிட்டு இரண்டு விரல் அளவுக்கு விலகி நின்றது. வண்டியை இறக்கியதும் 'டொக்' என்று பழைய இடத்தில் உட்கார்ந்தது. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். யூனிமாக் என்ற கரடுமுரடுப் பாதை லாரி மாதிரி ரொம்பவே முறுக்கும் வண்டிகளில் ஸ்பிரிங்குக்குப் பதில் மூன்று இடத்தில் மட்டும் தாங்கும்படி வைப்பார்கள். உன் வண்டிக்கு அவ்வளவு தேவைப்படாது என்று நினைக்கிறேன். கேபினிலிருந்து பெட்டிக்குள் போக வழி வேண்டும் என்று எழுதியிருக்கிறாயே, அங்கே நெளிந்துகொடுக்கும் ரப்பர் மடிப்புதான் வைக்க வேண்டும். ஏனென்றால் கேபின் ஒரு பக்கம் ஆடும், பெட்டி ஒரு பக்கம் ஆடும். எனக்கு அந்த வழியே வேண்டாம், இறங்கிச் சுற்றிவந்து ஏறிக்கொள்கிறேன்.

அடுத்தது எடை. லாரிதானே, தாங்கும் என்று நினைக்காதே. நானும் அப்படி நினைத்துத்தான் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அலமாரி அடித்தேன். நல்ல கனமான மரமாக இருந்தால் எட்டடிக்கு நாலடிப் பலகை ஒன்றே 30 கிலோவைத் தாண்டும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, 300 லிட்டர் டேங்க் என்றால் 300 கிலோ. எடைமேடையில் ஏற்றிய அன்று மொத்த எடை அனுமதிக்குள்தான் இருந்தது, பின் ஆக்சில், அதாவது பின்சக்கர அச்சு, தாங்கும் எடை மட்டும் மீறியிருந்தது. போதாததற்குத் தண்ணீர், பேட்டரி, சமையல் மேடை எல்லாவற்றையும் இடது பக்கமே வைத்திருந்தேன். வண்டி இடதுபக்கம் சாய்ந்தே நின்றது. இப்போது டேங்கை இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே, தரையோடு ஒட்டி வைத்துவிட்டேன். நீ முதலிலேயே வெறும் வண்டியை எடைபோட்டு, முன் ஆக்சில் பின் ஆக்சில் தனித்தனியாகக் குறித்துக்கொள்.

மின்சாரத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீதான் எனக்குச் சொல்ல வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியையே போடு. ஈய பேட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறைந்துவிடும், கனமும் அதிகம். ஆனால் லித்தியத்தை உறையும் குளிரில், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, அதனால் பெட்டிக்கு உள்ளேயே வை. 2000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கேபிள் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்கட்டும், ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும்.

கேஸ் அடுப்பு வைத்தால் சிலிண்டர் அலமாரியின் அடித்தளத்தில் வெளியே திறக்கும் ஓட்டை விடு. அந்த வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும். கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைக் கண்டு ஒலிக்கும் அலாரமும் கட்டாயம் வேண்டும். இதில் மட்டும் உன் வழக்கமான "அப்புறம் பார்த்துக்கலாம்" வேண்டாம்.

சூட்டையும் குளிரையும் தடுக்கும் இன்சுலேஷனை எல்லோரும் தடிமனை வைத்துத்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் தடிமனைவிட நடுவே இடைவெளி விடாமல் இருப்பதுதான் முக்கியம். என் பெட்டியில் நுரைப்பலகைக்கு நடுவே இரும்புச் சட்டம் உள்ளிருந்து வெளிவரை போனது. குளிர்ந்த காலை ஒன்றில் கண் விழித்தால், அந்தச் சட்டம் போகும் வரிசையில் மட்டும் சுவரில் நீர்முத்துகள் கோத்து நின்றன. நாங்கள் இருவரும் இரவெல்லாம் விட்ட மூச்சு அது. உலோகம் உள்ளுக்கும் வெளிக்கும் பாலம் போடாமல் பார்த்துக்கொள், கூரையில் காற்றுப்போக்கி ஒன்று வை.

உள்ளமைப்பை இப்போதே வரைய உட்காராதே. தரையில் டேப் ஒட்டி, அட்டைப்பெட்டிகளை அடுக்கி, அதற்குள் ஒரு வாரம் நடந்து பார். நான் கட்டிலைச் சுற்றி நடக்க விட்ட இடத்தில் ஒருவர் பக்கவாட்டில்தான் போக முடிகிறது. எங்கள் வீட்டுச் சண்டையில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்த மாதம் நேரில் வந்து வண்டியைப் பார்க்கிறேன். என்னிடம் நாலு ஸ்பிரிங் மிச்சம் இருக்கிறது, எடுத்து வருகிறேன். அதற்குள் ஒரு வேலை செய். ஆறு டயரிலும் பக்கவாட்டில் DOT என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களை எழுதி அனுப்பு. முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருஷம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். படத்தில் தரையில் படும் டயர்ப் பூவெல்லாம் புதுசுபோல இருக்கிறது, பக்கச்சுவரில்தான் மெல்லிய வெடிப்பு தெரிகிறது. எண்ணைப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
ரகு