கியூ தோட்டத்து அம்மாவுக்கு நன்றி

லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் பாம் ஹவுஸ் (Palm House) என்ற கண்ணாடி மாளிகையில் என் அப்பாவைக் கவனித்துக்கொண்ட, பெயர் தெரியாத தன்னார்வலர் அம்மாவுக்கு இந்த நன்றி.

வெளியே நடுக்கும் குளிர். கதவைத் தாண்டியதும் மழைக்காட்டுப் புழுக்கம். ஸ்வெட்டர், கோட்டு சகிதம் நுழைந்த அப்பாவுக்குத் தலை சுற்றிவிட்டது. அந்த அம்மாதான் ஓடிவந்து கோட்டைக் கழற்றி, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தார். ஆவி படிந்த மூக்குக்கண்ணாடியைக்கூடத் துடைத்துத் தந்தார்.

அதோடு விட்டாரா? அப்பா தெளிந்ததும் மெல்ல நடத்திக்கொண்டு போய் ஒரு தொட்டிச் செடியைக் காட்டினார். கியூவுக்காகச் செடிகள் சேகரித்த பிரான்சிஸ் மேசன் தென்னாப்பிரிக்காவிலிருந்து 1775இல் கொண்டுவந்த சைக்கட் அது; பார்க்கப் பனை போலிருக்கும், பூக்காமல் கூம்பு விடும் தொன்மையான தாவர வகை. 1848இல் கட்டி முடித்த அந்தக் கண்ணாடி மாளிகையைவிட மூத்தது! செதில் செதிலான தண்டு, உச்சியில் மட்டும் விறைப்பான ஓலைகள். சாய்ந்து வளர்ந்திருப்பதால் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். 1819இல் அது கூம்பு விட்டபோது புகழ்பெற்ற தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸே பார்க்க வந்தாராம்.

"இதுக்கும் என்னை மாதிரி கைத்தடிதான்" என்றார் அப்பா. நான் ஆங்கிலத்தில் சொன்னதும் அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்புறம் அப்பாவுக்கு மேல்தளம் ஏற ஆசை வந்தது. திருகுப் படிக்கட்டு வேண்டவே வேண்டாம் என்று அந்த அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் ஏறிப் பார்த்துவிட்டு வரும்வரை அப்பாவின் பக்கத்திலேயே இருந்தார். ரொம்ப நன்றி அம்மா.