எண்ணெய்ச்சட்டி ஏற்றாத பண்டிகை

ஆயர் ஈத்தாம், பினாங்கு
நவம்பர் 27

அன்புள்ள ஸ்டெல்லா,

இங்கே எல்லாரும் நலம். மூட்டுவலி அப்படியே இருக்கிறது, மருமகள் வேலை மாறிவிட்டாள், மழை விட்டபாடில்லை. தீபாவளிக்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை என்று உன் தம்பியிடம் புகார் சொன்னாயாமே? எப்படித் திறப்பது? தொலைபேசியில், "இந்த வருடம் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் இல்லை, கமலா" என்றாய். மறுபேச்சுப் பேசுவதற்குள் உங்கள் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கார் நிறுத்த இடமில்லாத கதைக்குத் தாவினாய். மறுபடி அந்தப் பேச்சை எடுத்தால், அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிடுகிறாய். உன் வீட்டில் எத்தனை லிட்டர் பால்தான் பொங்கும்? அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வைக்க முடியாது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவின் கிறிஸ்துமஸ் புட்டிங்கைச் செய்து, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். அது உனக்கு.

சிரிக்காதே. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் பால்குடம் எடுக்கிறவளுக்குப் புட்டிங்கைப் பற்றி என்ன தெரியும் என்று நீ கேட்பாய். உன் அம்மா கைப்பட எழுதிக் கொடுத்த தாள் என்னிடம்தான் இருக்கிறது, உன்னிடம் இல்லை. நீ அப்போது சமையலறைப் பக்கமே வரமாட்டாய்; கண்ணாடி முன்னால் நின்று யாருக்காகத் தலை வாரிக்கொண்டிருந்தாய் என்று இங்கே எழுதமாட்டேன்.

கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் திருவருகைக் காலத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் மாவு கிண்ட வேண்டும் என்று அந்தத் தாளின் தலையிலேயே அம்மா எழுதியிருக்கிறார். அன்றைக்கு உங்கள் ஆங்கிலிக்கன் கோயிலில், எங்கள் மனத்தைக் கிளறிவிடும் ஆண்டவரே என்று ஒரு ஜெபம் உண்டாமே. அதைக் கேட்டவுடனே இங்கிலாந்துப் பெண்களுக்குப் புட்டிங் சட்டி நினைவுக்கு வந்துவிடுமாம். எந்த ஊரானால் என்ன, பெண்களுக்குக் கோயிலில்கூட அடுப்பு நினைப்புத்தான்! ஞானிகள் கிழக்கிலிருந்து வந்ததால் கரண்டியையும் கிழக்கிலிருந்து மேற்காகச் சுற்ற வேண்டும், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு சுற்றுச் சுற்றி மனத்துக்குள் எதையாவது வேண்டிக்கொள்ள வேண்டும். பேரன் சத்தமாகவே கைப்பேசி வேண்டும் என்றான். என் வீட்டுக்காரர் கரண்டியை வாங்கி, "உப்புப் போட்டாயா?" என்றார். வேண்டுதல் அவ்வளவுதான்.

அளவெல்லாம் பவுண்டும் அவுன்ஸும். கிராமுக்கு மாற்றிக்கொண்டேன். கருப்புத் திராட்சை, பொன்னிறத் திராட்சை, கரன்ட்ஸ் என்கிற பொடித் திராட்சை மூன்றும் சேர்ந்து 450 கிராம். முதல் நாள் இரவே 100 மில்லி பிராந்தியில் ஊற வேண்டும். உன் அப்பா இருந்தவரை கிண்ணத்துக்குப் போனது அதில் பாதிதான் என்பது நம் ரப்பர் தோட்டத்துக்கே தெரியும். மறுநாள் ரொட்டித்தூள் 100, கோதுமை மாவு 75, பழுப்புச் சர்க்கரை 150, வெண்ணெய் 100 கிராம், முட்டை இரண்டு, துருவிய ஆப்பிள் ஒன்று, ஓர் ஆரஞ்சின் தோலும் சாறும், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய்ப் பொடிகள் சேர்ந்து ஒரு தேக்கரண்டி. எல்லாவற்றையும் ஒன்றாய்ப் போட்டுக் கிண்டினால் வேலை முடிந்தது. அடித்து நுரைக்க வேண்டியதில்லை, ஓவன் வேண்டியதில்லை. அதிரசப் பாகு பதம் பார்த்துக் கை சுட்டுக்கொண்ட நமக்கு இதெல்லாம் ஒரு சமையலா? சர்க்கரைக்குப் பதில் கூலா மெலாக்கா என்கிற தென்னங்கருப்பட்டி போடலாமே என்று மருமகள் கேட்டாள். கூடாது என்றுவிட்டேன். அதன் வாசனை முன்னால் வந்து நின்றால் மற்றவை எல்லாம் வாயடைத்துப் போகும்.

வெண்ணெய் என்று எழுதினேன் அல்லவா, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர்கள் இதற்குப் போடுவது மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்பு. அது வெண்ணெயைவிட அதிகச் சூட்டில்தான் உருகும். மாவு இறுகத் தொடங்கிய பிறகு உருகுவதால் உள்ளே சின்னச் சின்ன இடைவெளி விட்டு, புட்டிங்கை இலேசாக்கும். துரைசாணி உன் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அப்படித்தான். அம்மா அந்த வரியை அடித்துவிட்டு, "டின் வெண்ணெய். கமலா வீட்டுக்கும் போக வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். இத்தனை வருடமாக அந்தத் தாளை மடித்து வைத்திருந்தேனே தவிர, அந்த வரியை இப்போதுதான் நிறுத்திப் படித்தேன். நம் ஊர் வெயிலில் வெண்ணெய் கையிலேயே உருகிவிடும். அதனால் உறைய வைத்துத் துருவிப் போட்டேன்.

இனி நீ சண்டைக்கு வரப்போகும் இடம். சர்க்கரையில் ஊறிய ஆரஞ்சுத் தோல் போடச் சொல்லியிருக்கிறது. கடையில் விற்பது பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். அதற்குப் பதிலாகச் சௌராஸ்தா சந்தையில் சர்க்கரை போட்டு உலர்த்திய ஜாதிக்காய்ச் சதை வாங்கிப் பொடியாக நறுக்கிப் போட்டேன். பொடிக்கும் பாலேக் பூலாவ் ஜாதிக்காய்தான். மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கன்று கொண்டுவந்து இந்தத் தீவில் நட்டதே இப்படி யாராவது புட்டிங் தின்பதற்காகத்தானே! 1927-இல் லண்டனில் ஒரு புட்டிங் செய்முறை அச்சடித்து ஊர் முழுக்கப் பரப்பினார்கள், தெரியுமா? ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் சமையல்காரர் கொடுத்தது. ஒவ்வொரு சாமானும் அவர்களுடைய சாம்ராஜ்யத்துக்குள் விளைந்ததாக இருக்க வேண்டும். கிராம்புக்குச் சான்சிபார், ரம்முக்கு ஜமைக்கா என்று பட்டியல். நம் தாத்தாக்கள் இங்கே விடியற்காலையில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த அதே காலம். ரப்பரைத் தின்ன முடியாமல் போனதால் நம் பங்கு அந்தச் சட்டியில் சேரவில்லை என்று நினைக்கிறேன்.

வேக வைத்தது இட்லிப் பானையில். ஒன்றேகால் லிட்டர் பிடிக்கும் வெள்ளை மங்கில் வெண்ணெய் தடவி, மாவை நிரப்பி, மேலே வெண்ணெய்த்தாளும் அலுமினியத் தாளும் நடுவில் ஒரு மடிப்பு விட்டுப் போர்த்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். மடிப்பு எதற்கென்றால், வேகும்போது புட்டிங் உப்பும், அதற்கு இடம் வேண்டும். மங்கின் பாதி உயரத்துக்குத் தண்ணீர், சின்னத் தீயில் ஆறு மணி நேரம். நிறம் கறுக்க வேண்டுமானால் இந்த நேரத்தைக் குறைக்கக் கூடாது. வற்ற வற்றக் கொதிநீர்தான் ஊற்ற வேண்டும், பச்சைத் தண்ணீர் ஆகாது. பானையின் அடியில் ஒரு காசைப் போட்டு வைத்தேன். கடகடவென்று சத்தம் கேட்கும்வரை தண்ணீர் இருக்கிறது, சத்தம் நின்றால் ஓட வேண்டும். இங்கிலாந்துக்காரர்கள் காசைப் புட்டிங்குக்குள்ளேயே போடுவார்கள், கிடைத்தவருக்கு அதிர்ஷ்டமாம். நான் போடவில்லை. உன் கட்டுப்பல்லுக்கு யார் பதில் சொல்வது?

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நம் மக்சிக், மணம் பிடித்து வேலியோரம் வந்துவிட்டார். அவருக்காகப் புதுக் கிண்ணம் வாங்கி, திராட்சையைப் பிராந்திக்குப் பதில் பால் விடாத தேநீரான தே-ஓவில் ஊறவைத்துத் தனியாக ஒன்று செய்யப்போகிறேன்.

ஸ்டெல்லா, இனி விளையாட்டு இல்லை.

உன் வீட்டுக்காரர், என் அண்ணன் மாதிரி இருந்தவர், போய் இன்னும் வருடம் திரும்பவில்லை. துக்க வீட்டில் எண்ணெய்ச்சட்டி ஏற்றக்கூடாது, பலகாரம் சுடக்கூடாது என்கிற முறை எனக்கும் தெரியும். நீ அதை மீற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த முறையின் மறுபாதியை நீ மறந்துவிட்டாய். அந்த வீட்டார் செய்யமாட்டார்கள் என்பதால்தான் மற்றவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். எங்கள் அம்மா தவறிய வருடம் தீபாவளி நினைவிருக்கிறதா? தோட்டத்து வீட்டு வரிசையான லயம் முழுக்க முறுக்கு வாசனை, எங்கள் வீட்டில் மட்டும் அடுப்பு அணைந்து கிடந்தது. பொழுது சாய்ந்த பிறகு உன் அம்மா பின்வாசல் வழியாக வந்தார். முந்தின கிறிஸ்துமஸுக்குச் செய்ததில் ஒன்றை ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் ஊசி மருந்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாராம். தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரெஸ்ஸரின் வீட்டம்மா என்பதால் கேள்வி கேட்க ஆளில்லை. பத்து மாதம் கழித்தும் அது கெடவில்லை. சர்க்கரையும் பிராந்தியும் பார்த்துக்கொண்டன. "இது எண்ணெயில் சுட்டதில்லை, ஆவியில் வெந்தது, முறை கெடாது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, எனக்கும் தம்பிகளுக்கும் ஊட்டிவிட்டுப் போனார். அப்பா மறுவார்த்தை பேசவில்லை. அவரும் ஒரு துண்டு சாப்பிட்டார்.

அதே சட்டத்தைத்தான் இப்போது உன்னிடம் காட்டுகிறேன். நட்சத்திரம் கட்டாதே, விருந்து வைக்காதே, புதுப்புடவை வேண்டாம். ஆராதனைக்குப் போய்விட்டு வந்து, இட்லிப் பானையில் இரண்டு மணி நேரம் சூடு பண்ணு. தட்டில் கவிழ்த்து, கஸ்டர்ட் ஊற்றிச் சாப்பிடு. அண்ணனுக்கு இந்தப் புட்டிங்கின் ஓரத்துத் துண்டுதான் பிடிக்கும். அதற்காக உன்னிடம் பொய்கூடச் சொல்லுவார். ஓரத்தை அவர் படத்துக்கு முன்னால் வை. அழுகை வந்தால் அழு. தனியாக உட்கார்ந்து பாலைப் பொங்க வைத்துக்கொண்டிருப்பதைவிட அது மேல்.

என் சின்னவன் புட்டிங்கை எடுத்துக்கொண்டு டிசம்பர் 20 பட்டர்வொர்த்தில் இ.டி.எஸ். ரயில் ஏறுகிறான். கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்தே உன் வீட்டுக்கு வந்துவிடுவான். குளிர்பெட்டியில் வை, மேசையில் வைத்தால் நம் புழுக்கத்துக்குப் பூசணம் பூத்துவிடும். பிராந்தியைச் சூடாக்கி மேலே ஊற்றிக் கொளுத்துகிற வேலை உனக்கு வேண்டாம். உன் தம்பி வந்தால் தீப்பெட்டியை எடுத்து ஒளித்துவிடு. அவன் புருவம் வளர எத்தனை மாதமானது என்று உனக்கே தெரியும்.

அன்புடன்,
கமலா

பி.கு.: என் முறுக்கு அச்சு மூன்று தீபாவளியாக உன்னிடம் இருக்கிறது. இந்த வருடம் உனக்கு அது தேவையில்லை என்று நீயே சொல்லிவிட்டாய். சின்னவனிடம் கொடுத்தனுப்பு.