மூன்று நாள் வலித்ததும் மூன்று நாளாக வலிப்பதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் பிரெஞ்சுப் பாடத்தில், ஆங்கிலத்தில் 'ஃபார்' வரும் இடத்தில் எல்லாம் பிரெஞ்சில் 'பூர்' போட்டால் போதும் என்று ஒரு வரி இருந்தது. வாசித்ததும் மனது நொந்துபோனது. இரண்டு கிழமைக்கு ஊருக்குப் போகிறேன் என்று இனி வரப்போகும் காலத்தைச் சொல்லத்தான் 'பூர்'. முடிந்துபோனதற்கு 'பாந்தாங்', இன்னும் தொடர்வதற்கு 'தெப்புய்'. இது நீங்கள் அறியாததல்ல.

பாரிசுக்கு வந்த புதிதில் வயிற்று வலியோடு ஒரு மருத்துவமனைக்குப் போனேன். ஆங்கில வழிப் புத்தகத்தில் படித்தபடி 'பாந்தாங்' போட்டு, வினையையும் இறந்த காலத்தில் வைத்து, மூன்று நாள் வலி என்றேன். மூன்று நாள் வலித்தது, இப்போது இல்லை என்றுதான் வைத்தியருக்கு விளங்கியிருக்கிறது. மாத்திரை தந்து அனுப்பிவிட்டார். மறுநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை கூட வந்து, நிகழ்காலத்தில் 'தெப்புய்' போட்டுச் சொன்ன பிறகுதான் வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். பித்தப்பையில் கல்.

எனக்கு வேதனை என்னவென்றால், இது தமிழில் அப்படியே இருக்கிறது. 'மூன்று நாளாக வலிக்கிறது' என்கிறோம். பிரெஞ்சுக்காரரும் அதே நிகழ்காலத்தில்தான் சொல்கிறார். இரண்டு கிழமையை அவர்களும் நம்மைப் போலப் பதினைந்து நாள் என்கிறார்கள். இவ்வளவு பக்கத்தில் இருப்பதை ஏன் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் படிக்க வேண்டும்?

அப்புறம் 'ஆங்', 'தாங்' என்ற இரண்டு சொற்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'இன்' என்று உங்கள் பாடம் முன்பு ஒருமுறை சொன்னது. நான் துப்புரவு வேலை செய்த இடத்தில், இரண்டு மணி நேரத்தில் முடிப்பேன் என்று சொல்ல நினைத்து, 'ஆங்' போட வேண்டிய இடத்தில் 'தாங்' போட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் செய்வேன் என்று மேற்பார்வையாளர் எடுத்துக்கொண்டார். எல்லார் முன்னாலும் சோம்பேறி என்று பேச்சு வாங்கினேன். அன்றே உங்களுக்கு எழுதினேன். பதில் இல்லை. சரி, இடம் இல்லாமல் இருந்திருக்கும் என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

இப்போது பொறுக்க முடியவில்லை. 2026 சனவரியிலிருந்து பத்து வருட வதிவிட அட்டைக்கு பிரெஞ்சு மொழியில் பி1 தரமும், குடியுரிமைக்கு அதைவிட ஒரு படி மேலான பி2 தரமும் கேட்கிறார்கள். இரவு வேலை முடித்து வந்து, உங்கள் பக்கத்தை வெட்டி வைத்துப் படிக்கிறவர்களை நான் அறிவேன். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்ற கேள்விக்கே அவர்கள் 'பூர்' போட்டுப் பதில் சொல்வார்கள்.

அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, இந்த ஐந்து சொற்களையும் தமிழ் வாக்கியங்களோடு ஒரு பெட்டியில் போடுங்கள்: தெப்புய், பாந்தாங், பூர், ஆங், தாங். கால் பக்கம் போதும்.

இப்படிக்கு,
நெடுங்கால வாசகி,
பாரிஸ் புறநகர்