இரண்டும் சாப்பிட்டன, அம்மாவிடம் சொல்லுங்கள்

கலிபோர்னியாவின் பிக் பேரில் கேமரா வைத்து நேரலையில் காட்டும் கழுகுக் கூட்டின் லைவ் சாட்டில் ராப்பகலாக உட்கார்ந்திருந்த மாடரேட்டர்களுக்கு, பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் எழுதுவது.

கூட்டில் மிச்சமிருந்த குஞ்சு கிஸ்மோவும் பறந்துவிட்டது. 2025 ஜூன் 2ஆம் தேதி அதன் கூடப்பிறந்த சன்னி, ஐந்து நாள் கழித்து 7ஆம் தேதி கிஸ்மோ. உங்களுக்குப் பகல், எங்களுக்கு ராத்திரி. அம்மா சோபாவிலிருந்து எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். வானத்தில் கருடனைப் பார்த்தால் எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் பிள்ளைகளுக்கு முதல்ல ஒரு லெட்டர் எழுதணும்ட்டி" என்றார். அவர் சொன்னது பறந்துபோன இரண்டையும் இல்லை, உங்களைத்தான். உங்களில் பலர் பேரன் பேத்தி எடுத்தவர்களாகக்கூட இருக்கலாம். அம்மாவுக்கு எல்லோரும் பிள்ளைகள்தான்.

உங்களுக்கு ஆங்கிலத்தில் நாலு வரி தனியாக அனுப்புவேன். ஆனால் முதலில் தமிழில் எழுதினால்தான் எனக்கு முழுசாக வரும். அதோடு, அந்த ராத்திரி நீங்கள் எங்களுக்குச் செய்தது தமிழில்தான் நடந்தது.

அந்தக் கூட்டின்மேல் அடித்த மார்ச் பனிப்புயலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கூடப் பார்த்தவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். அப்பா போனதைப் பற்றியும் இங்கே எழுதப்போவதில்லை. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். உங்கள் கூடு எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிய பிறகு அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. நான் நர்ஸ், மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி. அம்மா தனியாகக் கட்டிலில் உட்கார்ந்து வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தாலே எனக்கு வார்டில் வேலை ஓடாது. கூட வேலை பார்க்கும் சிஸ்டர் ஒருவர்தான் இந்தக் கூட்டைக் காட்டினார். கலிபோர்னியாவில் பகல் என்றால் நமக்கு ராத்திரி, விடிய விடிய ஓடும், பேச்சுத்துணை மாதிரி இருக்கட்டும் என்று டிவியில் போட்டுவிட்டு டூட்டிக்குப் போனேன். அப்போது ஜனவரியில் இட்ட மூன்று முட்டைகள் அடையில் இருந்தன. மலைமேல் ஒரு ஏரி, ஏரியைப் பார்த்தபடி ஒரு ஜெஃப்ரி பைன் மரம், தரையிலிருந்து சுமார் 145 அடி உயரத்தில் குச்சிக் கூடு, அதில் ஒரு பறவை. அவ்வளவுதான். காலையில் நான் வந்து செருப்பைக் கழற்றும் முன்பே அம்மா கேட்டார்: "ஏட்டி, ரெண்டு மாறி மாறி உக்காருதே, அதுல பெருசு அப்பன்தானே?"

அதுதான் நான் சாட்டில் கேட்ட முதல் கேள்வி. மாடரேட்டர் என்பதற்கு அடையாளமாகப் பெயருக்குப் பக்கத்தில் சின்ன ஸ்பேனர் படம் போட்ட ஒருவர் உடனே பதில் போட்டார். பெரியது ஜாக்கி, அது பெண். கழுகில் பெண்தான் பெரியது. சிறியது ஷேடோ, ஆண் என்றாலும் அதுவும் முறை வைத்து அடைகாக்கும். இந்தக் கேள்விக்கு அவர் எத்தனை ஆயிரம் தடவை பதில் சொல்லியிருப்பாரோ தெரியாது. எனக்குச் சொன்னபோது முதல் தடவை சொல்வது போலத்தான் இருந்தது. அன்றிலிருந்து அம்மாவுக்கு உங்கள் எல்லோருக்கும் ஒரே பெயர், ஸ்பேனர் பிள்ளைங்க.

ஷேடோ குச்சி கொண்டுவந்து, கூட்டில் வைக்க இடம் பார்த்து, கடைசியில் ஜாக்கியின் முதுகுமேலேயே வைத்துவிட்டுப் போகும். அதைப் பார்த்துத்தான் அம்மா அப்பாவைப் பற்றி முதன்முதலாகப் பேசினார். "உங்க அப்பாவும் இப்படித்தான். வீட்டுல காய் கெடக்கு, வாங்காதீங்கன்னு சொன்னாலும் ஒரு கட்டுக் கீரையோட வருவாக." சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். அந்த அழுகை எங்களுக்கு அதுவரை வரவில்லை.

சென்ற வருஷமும் மூன்று முட்டை இட்டு ஒன்றுகூடப் பொரிக்கவில்லை என்பதும், நாள் கடந்த பிறகும் இரண்டும் விடாமல் அடைகாத்தன என்பதும் நீங்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதனால்தான் மார்ச் 3, 4, 8 என்று மூன்றும் அடுத்தடுத்து முட்டையை உடைத்துக்கொண்டு வந்தபோது அம்மா எதிர்வீட்டுக்குப் போய்ச் சொன்னார். அப்பா போன பிறகு அவர் தானாக வாசற்படி தாண்டியது அன்றைக்குத்தான். அப்புறம் ஒவ்வொரு ராத்திரியும் ஒரே கேள்வி. வார்டில் இருக்கும்போது போனில் கேட்பார்: "மூணும் இருக்கா?"

மார்ச் 14, வெள்ளிக்கிழமை. எனக்கு அன்று ஆஃப். எங்களுக்குச் சாயங்காலம் ஏழரை, உங்களுக்குக் காலை ஏழு. கூடு முழுக்க வெள்ளை. கழுகு எழுந்து உடம்பைச் சிலிர்த்து நகர்ந்தபோது அடியில் இரண்டு தலை தெரிந்தது. அம்மா விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். முந்தைய சாயங்காலம் வரை மூன்று இருந்தது.

சாட் அப்போது ஆற்று வெள்ளம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஏணி போட்டு ஏற முடியாதா, ஹெலிகாப்டர் அனுப்ப முடியாதா, இதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருக்கிறீர்கள் என்று உங்களைத் திட்டியவர்கள்கூட இருந்தார்கள். யாராவது மரத்தில் ஏறினால் தாய் பறந்துவிடும், பத்து நாள் குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது, மிச்சமிருக்கும் இரண்டும் குளிரில் போய்விடும், சட்டமும் இந்தக் கூட்டைத் தொட விடாது என்று நீங்கள் பொறுமையாக, கோபப்படாமல், திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கும் அழுகை வந்திருக்கும்தானே. அதைக் காட்டிக்கொள்ள உங்களுக்கு நேரம் இருக்கவில்லை.

அம்மா, "நான் சொல்றத அப்படியே போடு. நீ இங்கிலீஷ்ல மாத்தினா வேற மாதிரி ஆயிரும்" என்றார். தட்டினேன்: "மூணாவது குஞ்சு எங்கே? அதுக்குக் குளிருமே." சாட்டில் ஆங்கிலம்தான் என்று தெரியும். வேற்றுமொழியில் வந்தால் எடுத்துவிடுவீர்கள், அன்றைய நெருக்கடியில் எடுப்பதுதான் நியாயமும்கூட. அம்மாவின் மனசுக்காகத்தான் போட்டேன்.

பதில் தமிழில் வந்தது.

"அன்புள்ள அம்மா. நான் இரண்டு குஞ்சுகளை எண்ணுகிறேன். மூன்றாவதை நான் பார்க்கவில்லை. நான் வருந்துகிறேன்."

மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்த தமிழ் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஒரு நிமிஷத்துக்கு நூறு வரி ஓடும் இடத்தில், என் வரியை எடுத்து, எந்த மொழி என்று கண்டுபிடித்து, படித்து, பதில் எழுதி, அதைத் திருப்பித் தமிழாக்கி ஒட்டியிருக்கிறீர்கள். அம்மா மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "எல்லாம் நல்லபடியா இருக்கும்" என்று அதில் இல்லை. போன இரண்டு மாதமாக அம்மாவிடம் எல்லோரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம், நான் உட்பட. தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லி, வருந்துகிறேன் என்றும் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்.

ராத்திரி பன்னிரண்டு வரை அம்மா அசையவில்லை. தூங்க மாட்டேன் என்கிறார் என்று அதையும் தமிழிலேயே எழுதினேன். அதே ஸ்பேனர், அதே பெயர்: "அம்மா தூங்கலாம். நான் கூட்டைப் பார்க்கிறேன்."

அம்மா அதை ஒரு தரம்தான் கேட்டார். "அவ முழிச்சிருக்காளாம்" என்றார். நீங்கள் பெண்ணா ஆணா எங்களுக்குத் தெரியாது, அம்மாவே முடிவு செய்துகொண்டார். பிறகு லைட்டை அணைக்கச் சொன்னார். இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் ராத்திரி லைட் அணைந்ததில்லை.

விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து போனைத் திறந்தேன். வேறு ஒரு ஸ்பேனர், வேறு பெயர். வணக்கம் என்று மட்டும் ஆங்கிலத்தில் போட்டேன். அவர் கேட்டார்: இந்தியாவிலிருந்து அம்மாவோடு பார்ப்பவர் நீங்கள்தானா? எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டும் சாப்பிட்டன, அம்மாவிடம் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 22 வருஷமாக டூட்டி மாறும்போது வார்டை ஒப்படைத்திருக்கிறேன். எந்த பெட்டுக்கு எந்த மருந்து, யாருக்கு டிரிப் எத்தனை மணிக்கு முடியும், யாருக்குக் காய்ச்சல், எல்லாம் ரிப்போர்ட் புத்தகத்தில் இருக்கும். புத்தகத்தை மூடிய பிறகு வாயால் ஒரு வரி சொல்வோம்: "14ஆம் பெட் பாட்டி மகனைக் கேட்டுக்கிட்டே இருக்கு, போகும்போது ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க." அந்த வரி எதிலும் எழுதப்படாது. சொல்லாவிட்டால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். களைத்துப்போன நாளில் முதலில் விட்டுப்போவதும் அதுதான். எனக்கே எத்தனையோ நாள் விட்டுப்போயிருக்கிறது.

சம்பளம் இல்லாத வேலையில், உலகம் முழுக்கப் பல்லாயிரம் பேர் அழுதுகொண்டிருந்த நாளில், மணிக்கணக்காகத் திட்டு வாங்கிய பிறகு, எழுந்து போகும்போது நீங்கள் அந்த வரியைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதில் என் அம்மா இருந்தார். அடுத்து வந்தவரும் அதைக் காதில் வாங்கி, வைத்திருந்து, நான் வந்ததும் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு டீ ஆறும் வரை அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே அடுக்களையில் நின்றேன்.

மற்றவர்களையும் சொல்லாமல் விடக்கூடாது. அரைத்தூக்கத்தில் கேமராவைத் திருப்பி அந்த இரண்டு வாயும் மீனைக் கொத்துவதைக் கிட்டத்தில் காட்டியவர்கள், போலி நன்கொடை லிங்குகளை நாங்கள் பார்க்கும் முன்பே தூக்கியவர்கள், ஜாக்கியைக் கெட்ட தாய் என்று எழுதியவரிடம்கூட மரியாதை குறையாமல் பேசியவர்கள், இதையெல்லாம் நடத்தும் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் பிக் பேர் வேலி அமைப்பினர், சன்னி, கிஸ்மோ என்று ஓட்டுப் போட்டுப் பெயர் வைத்த அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லோருக்கும் எங்கள் நன்றி. போன குஞ்சுக்கும் பெயர் வைத்தீர்கள், மிஸ்டி. உங்களோடு இருந்து மறைந்த ஒரு தன்னார்வலரின் நினைவாக வைத்தது என்று சொன்னபோது அம்மா, "அப்ப அது தனியாப் போகல" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். வார்டில் புத்தகத்தை மூடிய பிறகு சொல்ல வேண்டிய அந்த வரியை இனி விடமாட்டேன். எவ்வளவு களைப்பாக இருந்தாலும், ஆட்டோ வாசலில் ஹாரன் அடித்தாலும் சரி, சொல்லிவிட்டுத்தான் போவேன். அடுத்த ஜனவரியில் ஜாக்கி மறுபடி முட்டையிட்டால், பெரியது எது என்று கேட்டு வரும் புது ஆட்களுக்கு நானும் பதில் சொல்கிறேன். உங்களுக்கு ஒரு கேள்வியாவது குறையட்டும்.

இப்போது கூடு வெறுமையாக இருக்கிறது. அம்மா அப்படியும் டிவியைப் போட்டு, கொஞ்ச நேரம் அந்த ஏரியைப் பார்க்கிறார், பிறகு அவரே அணைத்துவிடுகிறார். நேற்றுப் பதினொரு மணிக்கே படுத்துவிட்டார். படுக்கும்போது இந்தக் கடிதத்தை நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "அன்னைக்கு நமக்காக முழிச்சிருந்த பிள்ள அப்புறம் தூங்கிச்சான்னு கேளு" என்றார்.

கேட்கிறேன். தூங்கினீர்களா?