'அப்நார்மல்' என்றால் என்னவென்றும் சொல்லுங்கள்

கருப்பைவாய்ப் பரிசோதனை முடிவுகளை அனுப்பும் மருத்துவமனை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை மாலை என் தங்கையின் போனுக்கு அவளுடைய பாப் ஸ்மியர் ரிப்போர்ட் வந்தது. 'அப்நார்மல். எல்.எஸ்.ஐ.எல். மருத்துவரை அணுகவும்.' அவ்வளவுதான். விளக்கம் கேட்க ஓர் எண்கூட இல்லை. ஞாயிறு இரவு என்னைத் தனியாக அழைத்து, பீரோ சாவி எங்கே, மகளின் சான்றிதழ்கள் எந்த ஃபைலில் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

எல்.எஸ்.ஐ.எல். புற்றுநோய் அல்ல, எச்.பி.வி. வைரஸால் செல்களில் வரும் லேசான மாற்றம். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அந்த வைரஸும் பெரும்பாலானோருக்கு 2 ஆண்டுகளுக்குள் நீங்கிவிடும். நீங்காமல் தங்கினாலும், நோய் எதிர்ப்புச் சக்தி உள்ளவர்களுக்குப் புற்றுநோயாக மாற வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவளிடம்தான் யாரும் சொல்லவில்லை.

எச்.பி.வி. உடலுறவால் பரவும் என்று எங்கோ படித்துவிட்டு, அவள் கணவரைச் சந்தேகப்படவும் ஆரம்பித்துவிட்டாள். அது பல ஆண்டுகள் அடையாளமே காட்டாமல் உடலில் இருக்கும், எப்போது தொற்றியது என்று கண்டுபிடிக்க முடியாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த வீட்டில் இத்தனை அழுகை இருந்திருக்காது.

நான் கேட்பது ஒரே ஒரு பக்கம், எளிய தமிழில், ரிப்போர்ட்டோடு. அடுத்துச் செய்யச் சொல்லக்கூடிய கால்போஸ்கோபி என்றால் அறுவை சிகிச்சை இல்லை, கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, லென்ஸ் வழியாகப் பெரிதாக்கிப் பார்ப்பது, சந்தேகமான இடம் இருந்தால் சிறு துணுக்கு எடுத்து பயாப்சிக்கு அனுப்புவது என்று அதில் இருக்கட்டும். எச்.எஸ்.ஐ.எல்., அதாவது செல்களில் தீவிரமான மாற்றம், என்று வந்தால் தள்ளிப்போடவே கூடாது என்பதும் தெளிவாக இருக்கட்டும். பயத்தில் ரிப்போர்ட்டை ஒளித்துவைத்துவிட்டு மறுபடி வராமலே போகிற பெண்களுக்கு அந்த வரிதான் முக்கியம்.

பரிசோதனைக்கு வாருங்கள் என்று போஸ்டர் ஒட்டி அழைக்கிறீர்கள். வந்தவளுக்கு முடிவு தெரிந்த பிறகு ஏன் இந்த மௌனம்? பெண்ணின் உடல் என்றாலே பாதி சொல்லி மீதியை விழுங்குவது வீட்டில்தான் என்றால், மருத்துவமனையிலுமா?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டோடு அந்த ஒரு பக்கத்தையும், அழைத்தால் எடுத்துப் பேசும் ஒரு நர்ஸின் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். தயவுசெய்து, அடுத்த ரிப்போர்ட்டிலிருந்தே.

இப்படிக்கு,
ஓர் அக்கா